பழைய வால்வ் ஆம்ப் ஹம் அடிக்கிறது: வால்வா, கண்டன்சரா, போர்டையே மாற்றுவதா?

பாட்டு நின்ற பிறகும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் மிச்சம் இருக்கும். முதலில் கண்டுகொள்ள மாட்டோம். ஆறு மாதத்தில் அது வீணையின் கமகத்துக்கு நடுவிலேயே கேட்க ஆரம்பிக்கும், அப்புறம் அதைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது. வால்வ் ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஓடும் ஆம்ப்ளிஃபயர்) வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும்.

என்னிடம் இருப்பது டைனாகோ ஸ்டீரியோ 70, சுருக்கமாக எஸ்டி-70. பிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்ளரின் கம்பெனி 1959-ல் வெளியிட்டது. சேனலுக்கு 35 வாட். பாகங்களைப் பெட்டியில் வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டாகவும் கிடைத்ததால், பார்க்கும் ஒவ்வொன்றிலும் ஒயரிங்கும் சால்டரிங்கும் ஒவ்வொரு லட்சணத்தில் இருக்கும். ஸ்பீக்கரை ஓட்ட நான்கு இஎல்34 வால்வுகள், ஏசியை டிசியாக்க ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபயர் வால்வ், முன்னால் டிரைவராக, அதாவது சிக்னலை வளர்த்து இஎல்34-களுக்குக் கொடுக்க, இரண்டு 7199. பெரியப்பா அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது கூடவே கொண்டு வந்தது. ஹம் வந்ததும் நான் செய்த முதல் வேலை, ஒரே மாதிரி அளந்து சேர்த்த நான்கு புது இஎல்34 வாங்கிப் போட்டது. பணம் போனது, ஹம் அப்படியே இருந்தது. அந்தக் கடுப்பில்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்த வரிசையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், காசையாவது மிச்சம் பிடியுங்கள்.

வழிகள் என்று பார்த்தால் நான்குதான். ஆம்பைத் திறக்காமல் எர்த், ஒயர், பிளக் பக்கம் சரிசெய்வது. வால்வ் மாற்றுவது. பவர் சப்ளை கண்டன்சர்களையும் பயாஸ் சப்ளையையும் (இஎல்34-கள் இழுக்கும் கரண்டை அடக்கி வைக்கும் நெகடிவ் வோல்ட்டேஜைக் கொடுப்பது) புதுப்பிப்பது. டிரைவர் போர்டோடு எல்லாவற்றையும் கழற்றி எறிந்து புதிதாகப் போடுவது. ஐந்தாவதாக, தூக்கிக்கொண்டு போய் யாரிடமாவது கொடுப்பது என்றும் ஒன்று உண்டு. எதை எடுப்பது என்பதை உங்களுக்கு வரும் சத்தமே சொல்லிவிடும், அதனால் முதலில் அதைக் கேட்டுப் பழகுங்கள்.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடேற்றும் ஹீட்டர் ஒயரிலிருந்தும் எர்த் லூப்பிலிருந்தும் (எர்த் இரண்டு வழியில் சேர்ந்து வளையமாவது) வருவது பெரும்பாலும் அந்த 50-தான். ரெக்டிஃபயர் இரண்டு அரை அலையையும் நிமிர்த்திக் கொடுப்பதால், பெரிய ஃபில்டர் கண்டன்சர் காய்ந்துபோனால் வருவது 100 ஹெர்ட்ஸ், சரியாக ஒரு ஸ்தாயி மேலே. காதால் எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலின் மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கு வைத்துவிட்டு ஹம்மைக் கேளுங்கள். பஞ்சமத்தை ஒட்டி நின்றால் 100, அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே வயிற்றைக் கலக்குகிற மாதிரி இருந்தால் 50. பாட்டு வராது என்றால் போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் ஏதாவது ஒன்று போதும். அமெரிக்கக் கட்டுரைகளில் இதே கணக்கை 60, 120 என்று எழுதியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். மூன்றாவது வகை, 'கர்ர்ர்' என்று மண்ணை அரைக்கிற மாதிரி வரும் இரைச்சல். அதில் மேல் அலைவரிசைகள் எல்லாம் கலந்திருக்கும், பெரும்பாலும் ஆம்புக்கு வெளியிலிருந்துதான் வரும்.

இன்னொன்று, சத்தம் ஸ்பீக்கரில் வருகிறதா, ஆம்பின் இரும்பிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். எஸ்டி-70-யின் பவர் டிரான்ஸ்பார்மர் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது. நம் ஊரில் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்து 50 ஹெர்ட்ஸில் ஓட்டும்போது அதன் இரும்புக்குள் காந்தச் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அமெரிக்காவிலேயே சூடாக ஓடுகிறது என்று பெயர் வாங்கிய டிரான்ஸ்பார்மர், இங்கே கையை வைக்க முடியாது, தகடுகளும் அதிரும். இதற்கு எந்தக் கண்டன்சரும் மருந்தில்லை. 120 வோல்ட் கொடுக்கும் ஸ்டெப்-டவுனை விட்டுவிட்டு 110 கொடுப்பதை வாங்கினால் நன்றாகவே குறையும். ஹீட்டருக்கு 6.3-க்குப் பதில் 5.9 வோல்ட் வரும், வால்வுகள் பத்து சதவீதம் வரை ஏற்றத்தாழ்வைத் தாங்கிக்கொள்ளும், கவலை வேண்டாம். டிரான்ஸ்பார்மர் மூடியின் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழிக்குச் செலவே இல்லை, ஆனாலும் யாரும் முதலில் செய்வதில்லை. ஆர்சிஏ பிளக் இரண்டை எடுத்து நடு ஊசியையும் ஓரத்தையும் ஒரு ஒயர் துண்டால் சேர்த்து சால்டர் வையுங்கள், இன்புட்டில் குத்துங்கள். சத்தம் அடங்கிவிட்டால் ஆம்ப் மேல் குற்றம் இல்லை. என் வீட்டில் இப்படிச் செய்ததும் 'கர்ர்' முழுக்கப் போய்விட்டது, 'ம்ம்' மட்டும் நின்றது. ஆக ஒரே ஆம்பில் இரண்டு வியாதி. அந்தக் கர்ர்-க்குக் காரணம் அறையில் இருந்த மின்னணு ஃபேன் ரெகுலேட்டர். ஃபேனை ஐந்தில் வைத்தால் சத்தம் இல்லை, மூன்றில் வைத்தால் உண்டு. அதைக் கழற்றிவிட்டுக் கண்டன்சர் வகை ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டேன், கதை முடிந்தது. உங்கள் வீட்டில் அது லைட் டிம்மராகவோ லேப்டாப் சார்ஜராகவோ செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளாகவோ இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பதுதான் வழி. கேபிள் ஒயரைக் கழற்றியதும் சத்தம் நின்றால் அது எர்த் லூப். ஆம்ப், பிளேயர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினாலே பாதி தீரும், தீராவிட்டால் சிக்னல் ஒயருக்கு நடுவில் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று. கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'கர்ர்' வருகிறது என்றால் அந்த இன்வெர்ட்டர் சதுர அலை கொடுக்கிறது, ஆம்பைக் குறை சொல்லாதீர்கள். இந்தச் சோதனைகளை இன்வெர்ட்டரில் வைத்துச் செய்யவும் கூடாது.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எஸ்டி-70 இரண்டு முள் பிளக்கோடு பிறந்தது, சேஸிஸுக்கு (ஆம்பின் தகட்டு உடலுக்கு) எர்த் கிடையாது. இங்கே விற்கும் ஸ்டெப்-டவுன்களில் பல, ஒரே சுற்றில் நடுவே தட்டியெடுத்த ஆட்டோ டிரான்ஸ்பார்மர்கள். மெயினிலிருந்து உருவி வெளியே வைத்து, இன்புட் முள்ளுக்கும் அவுட்புட் துளைக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பாருங்கள், தொடர்பு காட்டினால் அது ஆட்டோ. அதில் பேஸும் நியூட்ரலும் மாறிவிட்டால் 110 வோல்ட் பக்கத்தின் இரண்டு ஒயருமே எர்த்தைப் பார்க்க ஷாக் அடிக்கும் நிலையில்தான் இருக்கும். சுற்று தனித்தனியாக இருக்கும் ஐசோலேஷன் வகையை 500 விஏ அளவில் வாங்குங்கள், ஆம்புக்கு மூன்று முள் ஒயர் போட்டு சேஸிஸை எர்த் செய்யுங்கள், அந்த எர்த் ஸ்டெப்-டவுனைத் தாண்டிச் சுவர் வரைக்கும் போய்ச் சேருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். பலதில் மூன்றாவது துளை அழகுக்குத்தான் இருக்கிறது. எர்த் முள்ளை உடைத்துவிட்டால் ஹம் போகும் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டே இருக்கிறது. போகும்தான். ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, சேஸிஸைத் தொடுவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

அடுத்து வால்வ். எல்லோரும் முதலில் இதில் கை வைப்பதற்குக் காரணம், கழற்றி மாட்ட சால்டரிங் தேவையில்லை, அவ்வளவுதான். ஹம் ஒரு சேனலில் மட்டும் இருந்தால் வால்வைச் சந்தேகப்படுவது நியாயம். அதற்கும் புதிது வாங்க வேண்டாம். ஆஃப் செய்து ஆற விட்டு, இடது 7199-ஐயும் வலது 7199-ஐயும் இடம் மாற்றிப் போடுங்கள். ஹம் கூடவே அடுத்த பக்கம் போனால் அந்த வால்வுதான், ஹீட்டருக்கும் அது சூடேற்றும் கேத்தோடுக்கும் நடுவே கசிவு இருக்கும். போகவில்லை என்றால் இஎல்34 ஜோடியையே இதே மாதிரி மாற்றுங்கள், பயாஸை மறுபடி சரி செய்ய மறக்காதீர்கள். முன்னால் இருக்கும் சாக்கெட்டில் 1.56 வோல்ட் வர வேண்டும், 15.6 ஓம் ரெசிஸ்டர் வழியே ஜோடிக்கு 100 மில்லிஆம்ப் என்று கணக்கு.

இஎல்34 ஏன் ஹம்முக்குக் காரணமாகும் என்றால், இது புஷ்-புல். ஒன்று தள்ள ஒன்று இழுக்கிறது. பவர் சப்ளையில் வரும் அலை இரண்டுக்கும் ஒரே மாதிரி போய்ச் சேர்வதால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஜோடியில் ஒன்று கிழடாகி ஒன்று தெம்பாக இருந்தால் மிச்சம் ஸ்பீக்கருக்கு வந்துவிடும். எஸ்டி-70-யில் ஜோடிக்கு ஒரே பயாஸ் பாட்தான் (பயாஸைத் திருப்பிச் சரிசெய்யும் குமிழ்), தனித்தனியாகத் திருப்பிச் சமன் செய்ய வழியில்லை, ஆகவே சேர்த்து அளந்த ஜோடி இதற்குக் கட்டாயம். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஜோடி சரியில்லாததால் வெளியே கேட்கும் ஹம்மும் பிறப்பது பவர் சப்ளையில்தான். புது வால்வ் போட்டு நீங்கள் செய்வது அதை மூடி வைப்பது மட்டுமே. அதுவும் இரண்டு சேனலிலும் ஒரே அளவில் வருகிறது என்றால் வால்வுக் கடைப் பக்கமே போகாதீர்கள், நான் போய்ப் பார்த்துவிட்டேன்.

ஜிஇசட்34-ஐ எடுத்துவிட்டு அதே சாக்கெட்டில் சிலிக்கான் டயோடு பிளக் மாட்டினால் நல்லது என்று ஒரு யோசனையும் வரும். வேண்டாம். ஜிஇசட்34 மெதுவாகச் சூடேறி மெதுவாக வோல்ட்டேஜ் கொடுக்கும். டயோடு, சுவிட்ச் போட்ட நொடியே கொடுத்துவிடும். இஎல்34-கள் இழுக்க ஆரம்பிக்கும் முன் சப்ளை 500 வோல்ட்டைத் தொட்டு நிற்கும், 525 வோல்ட்டுக்குச் செய்த பழைய கண்டன்சருக்கு அது சாவு மணி. ஹம்மும் குறையாது.

இப்போது மூன்றாவது வழி. 'ம்ம்' இரண்டு சேனலிலும் சமமாக, 100 ஹெர்ட்ஸில், இன்புட்டை ஷார்ட் செய்த பிறகும் இருந்தால் நேராக இங்கே வாருங்கள்.

சேஸிஸ் மேல் நிற்கும் அலுமினிய டப்பாவுக்குள் நான்கு கண்டன்சர்கள், 30-20-20-20 மைக்ரோஃபாரட். உள்ளே ஈரமான ரசாயனம், அது காயக் காயக் கொள்ளளவு குறையும். பவர் டிரான்ஸ்பார்மருக்கும் சூடான வால்வுகளுக்கும் நடுவில் அறுபது வருஷம் நின்றிருக்கிறது, இத்தனை நாள் உழைத்ததே பெரிது. முதல் இரண்டு பகுதியும் சோக்குக்கு (அலையை மட்டுப்படுத்தும் கம்பிச் சுருள்) முன்னும் பின்னும் நிற்கின்றன, அவை தளர்ந்தால் வரும் அலையில் பெரும்பங்கைப் புஷ்-புல் அடித்துவிடும். கடைசிப் பகுதிகள் 7199-க்குக் கரண்ட் கொடுப்பவை. அங்கே வரும் அலை, சிக்னல் மாதிரியே வளர்ந்து நேராக ஸ்பீக்கருக்குப் போகும். அதனால்தான் சில ஆம்புகளில் டப்பா பார்க்க நன்றாக இருக்கும், வோல்ட்டேஜும் சரியாகக் காட்டும், ஹம் மட்டும் காதைப் பிய்க்கும்.

உறுதி செய்ய ஒரு பழைய மெக்கானிக் வித்தை உண்டு. ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சர்களில் தேங்கி நிற்கும் சார்ஜை 22 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் வடித்து, வடிந்ததை மீட்டரில் பார்த்த பிறகு, நல்ல கண்டன்சர் ஒன்றைச் சந்தேகப் பகுதிக்கு இணையாக கிளிப்பில் மாட்டுங்கள். துருவம் மாறக் கூடாது. ஸ்பீக்கர் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும், அதில்லாமல் வால்வ் ஆம்பை ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். ஆன் செய்து கேளுங்கள், ஹம் விழுந்தால் திருடன் அங்கேதான். ஆன் செய்துகொண்டே கிளிப்பை நகர்த்துவது என்ற பேச்சே கிடையாது. சோதித்துவிட்டு அந்தக் கண்டன்சரை அப்படியே விட்டுவிடவும் கூடாது, கசியும் பழையது இன்னும் உள்ளே இருக்கிறது.

மாற்றுவதிலும் இரண்டு விதம். இதே எஸ்டி-70-க்கென்றே புதிதாகச் செய்த நான்கு பகுதி டப்பா அமெரிக்காவில் கிடைக்கிறது. துளையில் அப்படியே உட்காரும், அடியில் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று பகுதிக் குறி இருக்கும், பழையதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராக மாற்றலாம். செலவு கூரியரோடு சேர்ந்துகொள்ளும். சேஸிஸோடு ஒட்டியிருக்கும் காதுகளைக் கழற்ற 25 வாட் அயர்ன் போதாது, பெரியது வேண்டும். இன்னொரு விதம், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் கண்டன்சர்களைச் சேஸிஸுக்கு அடியில் போட்டு, பழைய டப்பாவை எல்லாத் தொடர்பும் அறுத்து அழகுக்கு மட்டும் மேலே நிறுத்துவது. அங்கே 450 வோல்ட் எளிதில் கிடைக்கும், அதற்கு மேல் அபூர்வம். ஆகவே 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் இரண்டைத் தொடராகப் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம் வைத்தால் 23.5 மைக்ரோஃபாரட், வோல்ட்டேஜுக்குப் பஞ்சமில்லை. இடம்தான் அடைசல், எட்டுக் கண்டன்சரை அந்தக் குறுகிய வயிற்றுக்குள் அடக்குவதற்குள் பொறுமை போய்விடும். நான் புது டப்பா வாங்கினேன். காசைப் பார்த்தால் இரண்டாவது, நிம்மதியைப் பார்த்தால் முதலாவது. எதுவானாலும் முதல் பகுதிக்குப் பெரிய அளவு போட்டால் ஹம் இன்னும் குறையும் என்று நினைத்து 100, 200 என்று ஏற்றாதீர்கள், ஜிஇசட்34 தாங்குவது 60 வரைதான்.

இதோடு சேர்த்தே பயாஸ் சப்ளையையும் செய்துவிடுங்கள், தனியாக யோசிக்கவே வேண்டாம். அதில் ஒரு செலினியம் ரெக்டிஃபயரும் 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இரண்டும் இருக்கின்றன. அது அரை அலைதான் நிமிர்த்துகிறது, அதனால் தளர்ந்தால் அங்கிருந்து வருவது 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் ஹம் என்று தப்பாக எண்ணிக்கொண்டு ஒயரை நோண்டிக்கொண்டிருப்போம். ஹம்மைவிடப் பெரிய ஆபத்து, அந்த நெகடிவ் வோல்ட்டேஜ் போய்விட்டால் நான்கு இஎல்34-களும் தகடு சிவக்கச் சிவக்க எரியும், கூடவே ஏற்கனவே வெந்துகொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மரும் போகும். ஒரு 1என்4007 டயோடு, இரண்டு 100 வோல்ட் கண்டன்சர், டீக்கடைக் காசுதான். டயோடில் வோல்ட்டேஜ் விழுவது குறைவு, நெகடிவ் கொஞ்சம் கூடும், பயாஸ் பாட்டைத் திருப்பி 1.56-க்குக் கொண்டுவந்தால் சரி.

என் ஆம்பில் இன்புட்டை ஷார்ட் செய்து 8 ஓம் டெர்மினலில் மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து அளந்தபோது ஆரம்பத்தில் 22. புது இஎல்34-க்குப் பிறகு 19, அத்தனை பணத்துக்கு மூன்று மில்லிவோல்ட். டப்பா மாற்றியதும் 3. பயாஸுக்குப் பிறகு இடது 1.1, வலது 1.8.

நான்காவது வழி, புது டிரைவர் போர்டு. இதைச் சொல்பவர்கள் எல்லோரும் ஏதோ ஆசையில் சொல்லவில்லை. 7199 உற்பத்தி நின்றுபோன வால்வ், நல்லதாகக் கிடைப்பது நாளுக்கு நாள் கஷ்டம். போர்டை மாற்றினால் எளிதில் கிடைக்கும் 12ஏயூ7 மாதிரி வால்வுகளுக்குப் போய்விடலாம், அறுபது வருஷத்தில் மதிப்பு ஏறிப்போன கார்பன் ரெசிஸ்டர்களும், இஎல்34-க்குள் டிசி கசிய விடும் பழைய கப்ளிங் கண்டன்சர்களும் (டிரைவரிலிருந்து இஎல்34-க்குச் சிக்னலை மட்டும் அனுப்ப வேண்டியவை) ஒரே அடியில் போய்விடும். ஆனால் ஹம்முக்காக என்று கேட்டால் என் பதில் வேண்டாம் என்பதே. பழைய டப்பாவை விட்டுவிட்டுப் போர்டை மாற்றினால் அதே அலை புது போர்டுக்குள்ளும் வரும். பழைய போர்டு கருகி, அதன் செப்புப் பாதை உரிந்து கிடந்தால் அது வேறு கதை, தயங்காமல் மாற்றுங்கள். இல்லையென்றால் கப்ளிங் கண்டன்சர்களை மட்டும் சோதியுங்கள், 7199-ஐ எடுத்துவிட்டு இஎல்34 கிரிட்டில் (சிக்னலும் பயாஸும் போய்ச் சேரும் முனை) நெகடிவ் வோல்ட்டேஜ் இரண்டிலும் சமமாக இருந்தால் விட்டுவிடலாம்.

வெளியே கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆம்ப் 15 கிலோவுக்குப் பக்கம், எடை முழுக்க டிரான்ஸ்பார்மர்களில், மெல்லிய தகட்டுச் சேஸிஸ். கூரியரில் போட்டால் வளைந்துதான் வரும். கையில் எடுத்துக்கொண்டு போகும் தூரத்தில் வால்வ் ரேடியோ பார்த்த பழைய மெக்கானிக் ஒருவர் இருந்தால் கொடுங்கள், என்ன மாற்ற வேண்டும் என்று மேலே சொன்ன அளவுகளோடு எழுதிக் கொடுங்கள். 400 வோல்ட்டில் கை வைத்துப் பழக்கமில்லை என்றால் இதுதான் உங்கள் வழி, வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த 1.8 மட்டும் பாக்கி இருக்கிறது. வலது 7199-தான் என்று இடம் மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், வால்வோடு ஹம்மும் இடது பக்கம் போனது. வேறொரு 7199 தேடுவதா, 6ஜிஎச்8ஏ என்ற மாற்று வால்வை அடாப்டர் வைத்துப் போடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அடாப்டர் மலிவு, ஆனால் வால்வ் ஒரு இஞ்ச் உயர்ந்து நிற்கும், மேல் கூண்டு இடிக்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் துணியில் காதை ஒட்டினால்தான் கேட்கிறது, ஆகவே இப்போதைக்கு அவசரமில்லை.